அலுவலகத்தில் பறவைகள்: சென்னையில் பராமரிப்புச் சேவை தொடங்க விரும்புவோருக்கு

சென்னை அலுவலகங்களின் வரவேற்பறைகளில் தொட்டிச் செடிகளை மாத வாடகைக்கு வைத்துப் பராமரிப்பவர்களும், வாரம் ஒருமுறை வந்து மீன்தொட்டியைக் கழுவி நீர் மாற்றிச் செல்பவர்களும் பல ஆண்டுகளாகத் தொழில் செய்து வருகிறார்கள். அதே முறையில் ஒரு பறவைக் கூண்டை அலுவலகத்தில் நிறுவி, தீனி, தூய்மை, மருத்துவம் ஆகிய எல்லாப் பொறுப்பையும் தாமே ஏற்று, மாதக் கட்டணம் பெறும் சேவையும் நடத்தக்கூடியதே. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் கண்ணாடி முகப்புள்ள கூண்டுகளில் சிறு பறவைகளை வைத்துப் பராமரிக்கும் தொழில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் செடி வாடினால் அன்று மாலையே வேறொன்றை வைத்துவிடலாம். பறவை விஷயத்தில் அந்த மனப்பான்மையோடு இறங்குபவர் இந்தத் தொழிலுக்கு வராமல் இருப்பதே நல்லது. இதில் வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அன்றாடக் கவனிப்புக்கு. எனவே பறவைக்குப் பொருந்தாத அலுவலகங்களை மறுக்கும் துணிவு முதலிலிருந்தே வேண்டும். உங்களை அழைக்கும் இடங்களில் பலவற்றை நீங்கள் மறுக்க நேரிடும் என்பதைக் கணக்கில் வைத்தே தொழிலைத் திட்டமிடுங்கள்.

எந்தப் பறவை

முதலில் முடிவு செய்ய வேண்டியது இனம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். கிளி ஜோசியக்காரரின் பெட்டியில் பார்த்துப் பழகிய பச்சைக்கிளி, பேசும் மலை மைனா, சாயம் பூசி விற்கப்படும் சில்லைகள் ஆகியவை யாவும் இதில் அடங்கும். "அலுவலகத்துக்கு ஒரு பச்சைக்கிளி கிடைக்குமா?" என்று கேட்கும் வாடிக்கையாளர் கட்டாயம் வருவார். அவருக்கு உடனே, தெளிவாக, முடியாது என்று சொல்லிக் காரணத்தையும் விளக்குங்கள்.

வெளிநாட்டு இனங்களுக்கும் இப்போது விதிகள் உண்டு. சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிரினங்கள் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பெற்றால் 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், சன் கன்யூர் ஆகிய கிளிகளும் ஜாவா குருவியும் இந்த வகையில் வருகின்றன. ஜீப்ரா பிஞ்ச், கேனரி என்னும் சிறு குருவிகளும், பட்ஜி, காக்டீல் என்னும் சிறு கிளிகளும் அந்தப் பட்டியல்களில் இல்லை. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவற்றில் ரோசிகாலிஸ் என்னும் இனத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஃபிஷர் உள்ளிட்ட மற்ற இனங்களுக்குப் பதிவு தேவை. நம் ஊர்க் கடைகளில் பட்ஜியையும் "லவ் பேர்ட்ஸ்" என்றே பில்லில் எழுதிவிடுவார்கள் என்பதால், இனத்தின் பெயரைத் தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள். நாளை வனத்துறை அலுவலர் ஒருவர் வாடிக்கையாளரின் வரவேற்பறையில் நின்று கேள்வி கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது ஜீப்ரா பிஞ்ச். அதன் குரல் மெல்லியது. தொலைபேசிப் பேச்சைக் கெடுக்காது. மனிதத் தொடுகையை அது எதிர்பார்ப்பதில்லை. தன் இனத்தாருடன் இருந்தாலே நிறைவாக இருக்கும். அலுவலகம் மாலையில் காலியாகும்போது அது தனிமையில் வாடாது. கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு உள்ளது ஆண் என்று எளிதில் அடையாளம் காணலாம், பாடுவதும் ஆணே. எனவே 4 அல்லது 6 ஆண் பறவைகளை மட்டும் ஒரே கூண்டில் வைத்தால், இனப்பெருக்கம் என்ற சிக்கல் எழாது. இணைகளாக வைத்தீர்களானால் கூடு கட்டப் பானை வைக்காவிட்டாலும் தீனிக் கிண்ணத்திலேயே முட்டையிடும். தொடர்ந்து முட்டையிட்டுத் தாய்ப் பறவை சுண்ணாம்புச் சத்து இழந்து மெலியும்.

அடுத்த தேர்வு பட்ஜி. அது கலகலப்பானது, நிறங்களில் அழகானது. ஆனால் நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருக்கும் என்பதால் அமைதி தேவைப்படும் அலுவலகத்துக்கு ஒத்துவராது. காக்டீலின் இறகிலிருந்து உதிரும் வெண்பொடி, ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை தரும். அது 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடியதும்கூட. கன்யூர், பெருங்கிளிகள் ஆகியவற்றை அலுவலகத்தில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவை ஒரு மனிதரோடு பிணைப்பு வைத்து வாழும் பறவைகள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் போய்விடும் இடத்தில் அவை கத்தும், பின் தம் இறகைத் தாமே பிய்த்துக்கொள்ளும்.

இடத்தைச் சோதித்தல்

ஒரு நிறுவனம் அழைத்தவுடன் கூண்டின் வடிவத்தையும் விலையையும் பேசத் தொடங்காதீர்கள். முதலில் அந்த இடத்தை ஒரு வாரம் சோதிக்க அனுமதி கேளுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் குறித்துவைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைக் கூண்டு வரப்போகும் இடத்தில், அதே உயரத்தில், ஞாயிற்றுக்கிழமையும் உள்ளடங்குமாறு 7 நாட்கள் வைத்துவிடுங்கள். பகலில் 24 பாகையில் சில்லென்று இருக்கும் கண்ணாடிக் கட்டடம், ஏசி நிறுத்தப்பட்ட ஞாயிறு பிற்பகலில் எந்த நிலைக்குப் போகிறது என்பதை அந்த வாரம் காட்டிவிடும். 32 பாகையைத் தாண்டும் இடமானால், விடுமுறை நாட்களில் அந்தப் பகுதிக்கு மட்டுமாவது காற்றோட்டம் அல்லது ஏசி இயங்கும் என்று எழுத்தில் உறுதி கிடைத்தால் ஒழிய மறுத்துவிடுங்கள். வெப்பத்தைவிடத் திடீர் மாற்றம் இன்னும் கெடுதல் என்பதால், ஏசியின் குளிர்காற்று நேராக விழும் இடத்தையும் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரையும் தவிருங்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது வேலைநேரம். சிறு பறவைகளுக்கு நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. ராஜீவ் காந்தி சாலையிலும் தரமணியிலும் பல தளங்கள் இரவு முழுவதும் வெளிச்சத்தோடு இயங்குகின்றன. கூண்டின் மேல் துணி போர்த்தினால் போதும் என்று சொல்வார்கள். நூறு பேர் பேசி நடமாடும் கூடத்தில் துணி ஒன்றும் செய்யாது. இரவுப் பணி நடக்கும் தளத்தில், அந்தக் கூச்சல் எட்டாத தனி அறை கிடைக்காவிட்டால் பறவை வைக்கக் கூடாது.

காற்றைப் பற்றி மிகுந்த கவனம் வேண்டும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருப்பதால், மூச்சில் உள்ள எதையும் அது நம்மைவிட விரைவாகவும் முழுமையாகவும் உள்வாங்குகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறியக் கேனரிகளை 1986 வரை பயன்படுத்தியதற்குக் காரணம் இதுவே. நம் அலுவலகங்களிலும் பறவைக்குக் கெடுதலானவை பல உண்டு: சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே பீய்ச்சும் ரூம் ஃபிரஷ்னர், சுவரில் செருகும் கொசு மருந்து, தரை துடைக்கும் பினாயிலின் நெடி, புதிய பெயின்ட், மாதந்தோறும் அடிக்கப்படும் கரப்பான் மருந்து, அடித்தளத்தில் ஓடும் ஜெனரேட்டரின் புகை. பான்ட்ரியில் நான்ஸ்டிக் பாத்திரமோ சான்ட்விச் டோஸ்டரோ இருந்தால் அதையும் விசாரியுங்கள். அந்தப் பூச்சு 280 பாகைக்கு மேல் சூடானால் வெளிவரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கூண்டு வைக்கும் இடத்துக்கும் பான்ட்ரிக்கும் இடையே மூடிய கதவு இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கூடம், மருத்துவமனை வார்டு, உணவு அல்லது மருந்து தயாரிக்கும் இடம், அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளில் வெல்டிங்கும் பெயின்டிங்கும் நடக்கும் பட்டறை ஆகியவற்றுக்கு இந்தச் சேவை பொருந்தாது. காலை வெளிச்சம் வரும் வரவேற்பறை, கட்டடக் கலைஞர்களின் அலுவலகம், நிறுவன நூலகம், பகல் நேரம் மட்டும் இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனம் ஆகியவை பொருந்தும். டெக் பார்க் என்றால், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு வளாக நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். சர்வீஸ் லிஃப்ட், விடுமுறை நாளில் செக்யூரிட்டி கேட் பாஸ், வண்டி நிறுத்தம் மூன்றும் அந்த அனுமதியில் இருக்கட்டும். ஞாயிறு காலை நீங்கள் தீனி கொடுக்கப் போகும்போது வாசலிலேயே நிறுத்தப்பட்டால், பாதிக்கப்படுவது உள்ளே இருக்கும் உயிர்கள்.

கூண்டு

பிஞ்ச் பறவை மேலும் கீழும் ஏறுவதைவிடக் குறுக்காகப் பறப்பதையே விரும்பும். எனவே கூண்டின் நீளம் முக்கியம். உயரம் பார்வைக்கு மட்டுமே. 4 பறவைகளுக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் என்பதை நான் குறைந்தபட்ச அளவாகக் கொள்வேன். அலுவலகத்தில் இடம் கிடைத்தால் 4 அடி நீளம் வையுங்கள். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றம். அச்சட்டம் உருவாக நாடாளுமன்ற மேலவையில் குரல் கொடுத்த ருக்மிணி தேவி அருண்டேல் நம் ஊர்க்காரர் என்பதும், 1962 இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவராக இருந்தார் என்பதும், சென்னையில் இந்தத் தொழில் செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள மலிவான வலையைப் பறவை கொத்தினால் நஞ்சேறும்; பவுடர் கோட்டிங் செய்த கம்பியோ எவர்சில்வரோ வாங்குங்கள். வட்டக் கூண்டும், கோபுர வடிவக் கூண்டும் வேண்டாம். முன்புறம் கண்ணாடியும், மேற்புறமும் ஒரு பக்கமும் கம்பி வலையும் உள்ள பெட்டி அமைப்பு அலுவலகத்துக்கு மிகவும் ஏற்றது; உமியும் இறகும் வெளியே சிதறாது, வருபவர்கள் விரலை நுழைக்கவும் முடியாது. உட்காரும் கொம்புகளுக்குப் பிளாஸ்டிக் குச்சியை நீக்கிவிட்டு, கொய்யா அல்லது வேப்பங்கிளைகளைப் பல பருமன்களில் வெட்டிக் கழுவிக் காயவைத்துப் பொருத்துங்கள். ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் நாளெல்லாம் நின்றால் பாதம் புண்ணாகும். தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கொசு வழியாகப் பறவைகளுக்கு அம்மை பரவும் என்பதால், தரைத்தள அலுவலகங்களில் கம்பிக்கு வெளியே கொசுவலை அடிப்பது நல்லது. கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டு, சாவி உங்களிடமும் பயிற்சி பெற்ற இருவரிடமும் மட்டும் இருக்கட்டும்.

வாங்குவதும் தனிமைப்படுத்துவதும்

பிராட்வே பகுதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பறவையை வாங்கி, திங்கட்கிழமை அலுவலகத்தில் வைப்பது மிகவும் ஆபத்தான பழக்கம். பல இடங்களிலிருந்து வந்த பறவைகள் ஒரே கூடையில் நெருக்கி அடைக்கப்பட்டு வெயிலில் நிற்கும் இடத்தில் நோய் எளிதில் பரவும். 2018 ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்ற கடையிலோ, தான் வளர்க்கும் கூண்டுகளை நேரில் காட்டத் தயங்காத வளர்ப்பாளரிடமோ வாங்கி, ரசீது பெறுங்கள். நீங்களே பறவைகளை விற்கவும் எண்ணினால், உங்களுக்கும் அந்தப் பதிவு தேவைப்படும்.

வாங்கிய பறவைகள் குறைந்தது 30 நாட்கள், உங்கள் இடத்தில் மற்றப் பறவைகள் இல்லாத தனி அறையில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் எச்சத்தை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இதற்கு நம்பகமான இடம். அதோடு பறவை மருத்துவம் அறிந்த தனியார் மருத்துவர் ஒருவரையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாய், பூனைகளை மட்டும் பார்த்துப் பழகியவர் 13 கிராம் எடையுள்ள உயிருக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்கத் தடுமாறலாம்.

கிளாமிடியா சிட்டாசி என்னும் கிருமியால் வரும் சிட்டகோசிஸ் நோயைப் பற்றி நீங்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் கிளி இனங்களிலிருந்து, காய்ந்த எச்சத்தின் தூசு வழியாக மனிதருக்கு வரும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று தொடங்கி நிமோனியாவாக மாறக்கூடும். உரிய ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும்; ஆனால் பறவை இருக்கும் இடத்தில் பணிபுரிவதை நோயாளி மருத்துவரிடம் சொன்னால்தான் அந்த எண்ணமே அவருக்கு வரும். இதை ஊழியர்களுக்கு மறைக்காமல் எழுத்தில் கொடுங்கள்.

அன்றாட வேலை

வாரத்துக்கு 3 முறை நீங்கள் செல்வதாகவும், மற்ற நாட்களில் அலுவலக ஊழியர் இருவரில் ஒருவர் தீனியும் தண்ணீரும் பார்ப்பதாகவும் ஏற்பாடு செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த இருவரும் தாமாக முன்வந்தவர்களாக இருக்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங் பணியாளர் மீது, கூடுதல் ஊதியம் எதுவுமின்றி, இந்த வேலையைச் சுமத்த நிர்வாகம் முயன்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சனி, ஞாயிறு இரண்டிலும் ஆள் இல்லாத அலுவலகம் என்றால், அந்த இரு நாட்களிலும் நீங்களே போக வேண்டும். இவ்வளவு சிறிய பறவையை வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள்கூட விடக் கூடாது.

தினையே முதன்மைத் தீனி. அதோடு பனிவரகு, சாமை, சிறிது கேனரி விதை ஆகியவற்றைக் கலக்கலாம். ஒரு பிஞ்சுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி போதும். புதியவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு: பறவை தானியத்தை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலாகப் பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே ஒரு மணிகூட இருக்காது. நாள்தோறும் கிண்ணத்தை எடுத்து, ஊதி, உமியை நீக்கிய பிறகே தீனி நிரப்ப வேண்டும் என்பதைப் பயிற்சியின் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, அரைக்கீரை ஆகியவற்றை நன்றாகக் கழுவிக் காலையில் கொடுத்து, மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பறவைத் தீனிக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைக்கும். சென்னையின் ஈரக்காற்றில் தானியம் விரைவில் பூசணம் பிடிக்கும், பூசண நஞ்சு பறவையின் ஈரலைத் தாக்கும் என்பதால், மாதத் தேவைக்கு மேல் வாங்காமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மிக்சர், முறுக்கு, பிஸ்கட், சாக்லேட், அவகாடோ, காபி ஆகியவை எதுவும் கூண்டுக்குள் போகக் கூடாது. அன்பினால் கொடுப்பவர்களே அதிகம் என்பதால், கண்டிப்பாகச் சொல்வதோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

கூண்டின் அடித்தட்டில் விரித்த தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். அதற்கு முன் தாளின் மேல் நீரைத் தெளித்து ஈரமாக்கி, தூசு பறக்காமல் சுருட்டி எடுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்தே இந்த வேலையைச் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை தட்டு, கிண்ணம், கொம்பு ஆகியவற்றைக் கழற்றி, உங்கள் இடத்துக்குக் கொண்டுபோய் சோப்பு நீரில் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு நீர் கலந்த கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள். இரண்டு தொகுதி கிண்ணங்கள் இருந்தால் இது எளிது.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு பறவையின் எடையையும் கிராம் கணக்கில் குறியுங்கள். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் இரையாகிவிடும் என்பதால், பறவை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும். கண் பார்க்கத் தவறுவதைத் தராசு சொல்லிவிடும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு ஒருமுறை வால் ஆடினாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கூண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு வைத்து, எடை, தீனி, எச்சத்தின் நிறம், வந்தவர் பெயர் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுவது உங்களையும் வாடிக்கையாளரையும் காக்கும்.

உடன் வேலை செய்பவர்கள்

மேலாளர் விரும்புகிறார் என்பதற்காக மட்டும் கூண்டு வரக் கூடாது. அந்தத் தளத்தில் பணிபுரியும் எல்லோரிடமும், பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு தாளில், ஆஸ்துமா, பறவைத் தூசு ஒவ்வாமை, பறவைகளைக் கண்டால் அச்சம் ஆகியவை உண்டா என்றும், கூண்டு வருவதில் உடன்பாடா என்றும் கேட்டுப் பெறுங்கள். ஒருவர் மறுத்தாலும், அவர் தம் இருக்கையிலிருந்து அந்த வழியே போகாமல் வேலை செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வேறு தளம் தேடுங்கள், அல்லது அந்த வாய்ப்பை விட்டுவிடுங்கள். பறவைத் தூசை நீண்ட காலம் சுவாசிப்பதால் நுரையீரல் அழற்சி ஏற்படுவோரும் உண்டு. அது முதலில் பாதிக்கக்கூடியது கூண்டைக் கழுவும் உங்களையும் உங்கள் பணியாளரையுமே என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கூண்டு வந்த முதல் வாரத்தில் அரை மணி நேரம் எல்லோரையும் கூட்டி, கண்ணாடியைத் தட்டக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, மாலை 6 மணிக்குப் பிறகு கூண்டுப் பகுதியின் விளக்கை எரியவிடக் கூடாது என்று விளக்கிவிட்டால், பெரும்பாலான தொல்லைகள் தீர்ந்துவிடும்.

ஒப்பந்தமும் கட்டணமும்

பறவைகளின் உரிமை எக்காலத்திலும் உங்களிடமே இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டுப் பராமரிப்புக்கு மட்டும் கட்டணம் வாங்கினால், செலவு குறைக்க வேண்டிய ஒரு காலாண்டில் உங்கள் சேவை நிறுத்தப்பட்டு, பறவைகள் கேட்பாரற்று நிற்கும். நலம் கெடுகிறது என்று நீங்கள் கருதினால் எந்த நேரத்திலும், காரணம் சொல்லி, பறவைகளை எடுத்துச் செல்லும் உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து, பெயின்ட், தரை பாலிஷ் ஆகியவற்றுக்கு 48 மணி நேரம் முன்பே தெரிவிப்பது, ஜெனரேட்டர் மின்சாரம் கூண்டுப் பகுதிக்கும் கிடைப்பது, உங்கள் மருத்துவரைத் தவிர வேறு யாரும் மருந்து கொடுக்காதது, விடுமுறை நாளிலும் உள்ளே வர அனுமதி ஆகியவை தனித்தனி ஷரத்துகளாக இருக்கட்டும்.

கட்டணத்தைக் கணக்கிட, வருகையை அடிப்படையாக வையுங்கள். வாரத்துக்கு 3 வருகை என்றால் மாதத்துக்குச் சராசரியாக 13 வருகைகள். ஒரு பணியாளர் ஒரே பகுதிக்குள் நாளொன்றுக்கு 5 இடங்கள் பார்க்க முடியும். வாரத்தில் 6 நாட்களுக்கு 30 வருகைகள். ஆக ஒருவரால் 10 அலுவலகங்களைத்தான் ஒழுங்காகப் பராமரிக்க முடியும். அவருடைய ஊதியம், வண்டிச் செலவு, தீனி, மருத்துவம், கூண்டின் தேய்மானம், உங்கள் இடத்தின் வாடகை ஆகியவற்றைக் கூட்டி, அதைப் பத்தால் வகுத்து, அதன் மேல் லாபம் வைத்தால் ஓர் அலுவலகத்தின் கட்டணம் கிடைக்கும். மீன்தொட்டிக்காரர் வாங்கும் தொகையைப் பார்த்து அதைவிடக் குறைவாகச் சொல்ல முயலாதீர்கள். அவருக்கு ஞாயிறு வருகையும் எடைக் குறிப்பும் இல்லை. கிண்டியில் ஒன்று, சிறுசேரியில் ஒன்று, அம்பத்தூரில் ஒன்று என்று ஒப்புக்கொண்டால் நாள் முழுவதும் சாலையிலேயே கழியும். முதல் ஆண்டில் ஒரே பகுதியைத் தேர்ந்துகொண்டு அதற்குள் மட்டும் வாடிக்கையாளர்களைச் சேருங்கள்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பெரிய நிறுவனங்கள் அதற்கு முன்பே கேட்கக்கூடும். மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டையும் எடுத்துவையுங்கள்.

ஆண்டின் கடினமான நாட்கள்

சென்னையில் இந்தத் தொழிலைச் சோதிக்கும் நாட்கள் எவை என்று முன்பே தெரியும் என்பதால், நாட்காட்டியில் குறித்துவிடலாம். கத்திரி வெயில் நாட்களில் பறவைகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தால், காலை 7 மணிக்குள், துணி போர்த்திய சிறு பெட்டியில், ஏசி உள்ள வண்டியில் மட்டுமே கொண்டுசெல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சிரைத்து, சிறகை உடலிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தால் அது வெப்பத் தாக்குதலின் அறிகுறி. உடனே குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி, கால்களை இலேசாக நனைத்து, மருத்துவரை அழையுங்கள்.

ஆயுத பூஜையன்று கற்பூரமும் சாம்பிராணியும் ஒவ்வொரு தளத்திலும் எரியும். தீபாவளிக்கு வெடிச் சத்தமும் புகையும், போகியன்று ஊரெல்லாம் கரும்புகையும் சூழும்; அதைத் தொடர்ந்து பொங்கல் விடுமுறை முழுவதும் அலுவலகம் பூட்டிக் கிடக்கும். இந்த நாட்களில் பறவைகளை முந்தின நாளே உங்கள் இடத்துக்குக் கொண்டுவந்து, சன்னல் அடைத்த அறையில் வைத்துக்கொள்வதே சரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தவுடனும் இதையே செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, அம்பத்தூர்ப் பகுதிகளில் பல நாட்கள் வெள்ளமும் மின்தடையும் நீடித்ததை நாம் கண்டோம். சாலை மூழ்கிய பிறகு ஆறாம் தளத்தில் இருக்கும் கூண்டுக்கு உங்களால் போக முடியாது.

இதனால் எழும் ஒரு வரம்பை முதல் நாளிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் எல்லா வாடிக்கையாளர்களின் பறவைகளும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தால், அவற்றைத் தனித்தனிக் குழுக்களாக வைக்க உங்களிடம் இடமும் கூண்டும் இருக்க வேண்டும். அந்த இடம் எத்தனை கூண்டுக்குப் போதுமோ, அத்தனை அலுவலகங்களே உங்கள் தொழிலின் அளவு. பறவைக் காய்ச்சல் அறிவிக்கப்படும் காலத்திலும், கால்நடைத் துறையின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுப் பறவைகளை அங்கேயே அடைத்து வைத்துப் பார்க்க நேரிடலாம்.

ஒப்பந்தம் முடியும்போது

அலுவலகம் இடம் மாறும், மேலாளர் மாறுவார், ஒப்பந்தம் முடியும். ஜீப்ரா பிஞ்சும் பட்ஜியும் நலமாக இருந்தால் 5 ஆண்டுகளுக்கு மேல் வாழும் என்பதால், ஓராண்டு ஒப்பந்தத்தைவிட அவற்றின் ஆயுள் நீளமானது. "திறந்து விட்டுவிடலாமே, புண்ணியம்" என்று நல்லெண்ணத்தோடு சிலர் சொல்வார்கள். கூண்டில் பிறந்து வளர்ந்த வெளிநாட்டுப் பறவைக்கு நம் ஊரில் தீனி தேடத் தெரியாது. காக்கையும் வல்லூறும் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். எனவே மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை, பாடி ஓய்ந்த வயதான பறவைகளின் தீனிக்கும் மருத்துவத்துக்கும் என்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஒரு கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தால், அதே கூட்டத்தை ஒன்றாகவே வையுங்கள்; மீண்டும் 30 நாட்கள் தனிமைப்படுத்தி, எடையையும் எச்சத்தையும் பார்த்த பிறகே மற்றப் பறவைகளோடு சேர்ப்பதா, வேறு அலுவலகத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யுங்கள்.